இருமல் இல்லாத காசநோய்

எச்.ஐ.வி. உள்ள ஒருவர் மாத்திரை வாங்க, எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சிகிச்சை (ஏ.ஆர்.டி.) தரும் மையத்துக்கு வரும்போதெல்லாம் அவரிடம் நான்கு கேள்விகள் கேட்கப்படுகின்றன. இருமல் இருக்கிறதா? காய்ச்சல் வருகிறதா? எடை குறைந்திருக்கிறதா? இரவில் வியர்த்துக் கொட்டுகிறதா? ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்று சொன்னாலும் டி.பி. பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வகுத்துக் கொடுத்த முறை இது. செலவில்லாதது, எந்த ஊரிலும் செய்யக்கூடியது. எத்தனையோ பேரை இது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் இந்த நான்கு கேள்விகளில் வயிற்றைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

“சாப்பிட்ட அரை மணி நேரத்துல வயிறு பிடிச்சு இழுக்குது சார். பந்து மாதிரி ஒண்ணு உருளுது. அப்புறம் கடமுடன்னு சத்தம் போட்டு அடங்கிடுது.” வயிற்று வலியோடு வருகிறவர் சொல்வது இது. குடல் காசநோயில் வரும் பகுதி அடைப்பை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் விவரிக்க முடியாது. ஆனால் நம் ஊரில் இந்தப் புகாருக்குக் கிடைக்கிற முதல் பெயர் ‘கேஸ்’. இரண்டாவது பெயர் ‘அல்சர்’. மருந்துக் கடையில் வாங்கிய பான்டபிரசோல் மாத்திரையிலேயே சில வாரங்கள் ஓடிவிடும். அடுத்து எண்டோஸ்கோப்பி செய்வார்கள். இரைப்பை வழியாகப் போகும் அந்தக் குழாய் சிறுகுடலின் தொடக்கத்தோடு நின்றுவிடும். நோய் இருப்பதோ குடலின் மறுமுனையில். ‘எல்லாம் நார்மல்’ என்ற அறிக்கையோடு வீட்டுக்குப் போகிறவர், அடுத்த முறை குடல் அடைத்தோ குடலில் ஓட்டை விழுந்தோ அவசரப் பிரிவுக்கு வருகிறார்.

தடுக்கக்கூடிய இந்தத் தாமதத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஏன் வயிறு?

எச்.ஐ.வி. என்றதும் ரத்தத்தில் எண்ணப்படும் சிடி4 அணுக்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் குடலின் சுவரிலும் நோய் எதிர்ப்பு அணுக்கள் ஏராளமாகக் குடியிருக்கின்றன. உண்ணும் உணவோடு வரும் கிருமிகளை நாள் முழுவதும் சோதிக்க வேண்டிய இடம் அது. உடலுக்குள் நுழைந்த சில வாரங்களிலேயே எச்.ஐ.வி. குடல் சுவரின் சிடி4 அணுக்களைப் பெருமளவில் அழித்துவிடுகிறது. ரத்த அளவு அப்போது ஓரளவு நன்றாகவே இருக்கலாம். வயிறு மற்ற எல்லா இடங்களுக்கும் முன்பாகவே காவல் இழந்து நிற்கிறது.

காசநோய்க் கிருமி வயிற்றுக்குள் பல வழிகளில் போகிறது. நுரையீரலில் நோய் உள்ளவர் விழுங்கும் சளியோடு போகலாம். ரத்தத்தில் கலந்து வந்து தங்கலாம். பக்கத்து நெறிகட்டியிலிருந்து பரவலாம். காய்ச்சாத பாலின் வழியே மாட்டுக் காசநோய்க் கிருமியும் வரலாம். உள்ளே போனதும் அது அதிகம் விரும்பும் இடம், சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் வலது அடிவயிற்றுச் சந்திப்பு. அங்கே உணவு கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும். நிணநீர்த் திசுவும் அங்கே செறிந்திருக்கும்.

எதிர்ப்பு சக்தி உள்ள உடல், கிருமியைச் சுற்றி அணுக்களை அடுக்கி அதைச் சிறைப்படுத்துகிறது. அந்தப் போராட்டத்தில் உண்டாகும் புண்கள் பெரும்பாலும் குடலைச் சுற்றி வளைத்து வரும். ஆறும்போது தழும்பு இறுகிக் குடலின் வழி குறுகும். எச்.ஐ.வி. முற்றியவருக்கு இந்தச் சிறையைக் கட்ட ஆள் இல்லை. அதனால் நோயின் உருவமே மாறுகிறது. எச்.ஐ.வி. இல்லாதவர்களிடம் வயிற்றில் நீர் கோத்தலும் குடல் மீது போர்வையாகக் கிடக்கும் கொழுப்பு தடித்தலும் கூடுதலாகத் தெரியும். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் நோய் வயிற்றோடு நிற்காமல் உடல் முழுதும் பரவுவதும், குடலுக்குப் பின்னால் நெறிகட்டிகள் கொத்தாக வீங்குவதும், கல்லீரலிலும் மண்ணீரலிலும் கடுகளவுச் சீழ்க்கட்டிகள் தோன்றுவதும் அதிகம். வீங்கிய நெறிகட்டி பித்தக்குழாயை நெருக்கினால் மஞ்சள்காமாலை வரும். முதுகெலும்பை ஒட்டிய தசையில் சீழ் சேர்ந்தால் காலை நீட்டக்கூட முடியாது. இத்தனை நடந்தும் இருமல் வராமலே இருக்கலாம். மார்பு எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கலாம்.

எச்.ஐ.வி. இல்லாத காசநோயாளிகளில் நுரையீரலுக்கு வெளியே நோய் காண்பது 15 முதல் 20 சதவீதம் பேரிடம். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் அது பாதியைத் தாண்டுகிறது.

இதன் விலை என்ன என்பதைப் பிரேதப் பரிசோதனைகள்தான் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. எச்.ஐ.வி.யோடு இறந்தவர்களின் உடல்களைப் பல நாடுகளில் ஆராய்ந்த அறிக்கைகளைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. இறந்த பெரியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேரின் உடலில் காசநோய் இருந்தது. அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு அது உயிரோடு இருந்த வரை கண்டுபிடிக்கப்படவே இல்லை. பெரும்பாலானவர்களிடம் அது நுரையீரலைத் தாண்டிப் பரவியிருந்தது. இந்தக் கணக்கைப் படித்த பிறகு, ‘சளியில் கிருமி இல்லை’ என்ற ஒரு வரி அறிக்கையை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்ப மனம் வராது.

கையும் ஸ்கேனும் சிறுநீரும்

வயிற்றுக் காசநோயைக் கண்டுபிடிப்பது எளிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வயிற்றிலிருந்து எடுத்த நீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நூற்றில் இரண்டு மூன்று பேருக்குத்தான் கிருமி தெரியும். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவிகூட அந்த நீரில் பல நேரங்களில் தவறவிடும். அந்த நீரில் ஏடிஏ என்ற நொதியின் அளவு லிட்டருக்கு 39 யூனிட்டைத் தாண்டினால் காசநோய் என்று சந்தேகிக்கிறார்கள். ஆனால் முற்றிய எச்.ஐ.வி.யில் அந்த நொதி உயராமலும் போகலாம். கொலனோஸ்கோப்பி மூலம் வலது குடல் வரை போய் சதை எடுத்துப் பார்த்தாலும், அது காசநோயா, குரோன் என்ற குடல் அழற்சி நோயா என்று நிபுணர்களே தடுமாறுகிறார்கள். குரோன் என்று நினைத்து ஸ்டீராய்டு தொடங்கினால், காசநோய்க்குக் கதவைத் திறந்துவிட்டது போலாகிவிடும். எச்.ஐ.வி. உள்ளவரின் வயிற்றில் நிணநீர்ப் புற்றும் இதே வேடத்தில் வரும்; சிஎம்வி வைரஸும் குடலில் ஓட்டை போடும். முடிந்த இடங்களில் எல்லாம் திசுவை எடுத்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

இவ்வளவு சிக்கலுக்கு நடுவில் மிகச் சாதாரணமான ஒரு கருவி கைகொடுத்தது: அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். எச்.ஐ.வி.யும் காசநோயும் கைகோத்து ஆட்டிப்படைத்த தென் ஆப்பிரிக்காவில், கிராமப்புற மருத்துவமனை மருத்துவர்களே படுக்கையருகில் செய்யும் ஒரு சுருக்கமான ஸ்கேன் முறை 2010-ஐ ஒட்டி உருவானது. ‘ஃபாஷ்’ என்று அதை அழைக்கிறார்கள். இதயத்தைச் சுற்றி, நுரையீரலைச் சுற்றி, வயிற்றுக்குள் நீர் இருக்கிறதா? பெருந்தமனியை ஒட்டி நெறிகட்டிகள் வீங்கியிருக்கின்றனவா? கல்லீரலிலும் மண்ணீரலிலும் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரிகின்றனவா? இவ்வளவுதான் அது தேடுகிறது. பயிற்சி பெற்ற கைக்குச் சில நிமிடங்கள் போதும். தமிழகத்தின் அரசு மருத்துவமனைகளுக்கும் தனியார் ஸ்கேன் சென்டர்களுக்கும் கருவி புதிதல்ல. நெறிகட்டியையும் மண்ணீரலையும் குறிப்பாகப் பாருங்கள் என்று சீட்டில் எழுதி அனுப்பும் பழக்கம்தான் பரவ வேண்டும்.

இன்னொரு கருவி சிறுநீரைப் பார்க்கிறது. காசநோய்க் கிருமியின் உறையில் ‘லாம்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு பொருள் இருக்கிறது. நோய் உடல் முழுதும் பரவியவர்களிடம் அது சிறுநீரில் வெளியேறும். கர்ப்பப் பரிசோதனை அட்டை போன்ற ஒரு பட்டையில் சிறுநீரை விட்டால் 25 நிமிடத்தில் பதில் தெரியும். வழக்கமான பரிசோதனைகள் நோயாளியின் எதிர்ப்பு சக்தி குறையக் குறையத் தடுமாறும். இது மட்டும் சிடி4 குறையக் குறையக் கூர்மையாகிறது. உலக சுகாதார நிறுவனம் இதை 2015-ல் பரிந்துரைத்து, 2019-ல் மேலும் பலருக்கு விரிவாக்கியது. இருமிச் சளி எடுக்க முடியாமல் படுத்துக்கிடக்கும் ஒருவருக்கு இதைவிட இரக்கமான பரிசோதனை வேறில்லை.

ஆனால் கருவிகளுக்கு முன்னால் கை இருக்கிறது. வயிற்றை அழுத்தும்போது பிசைந்த மாவுபோல் தட்டுப்படுவதை நம் மருத்துவப் பேராசிரியர்கள் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குக் கற்பித்து வந்திருக்கிறார்கள். எச்.ஐ.வி. நோயாளியின் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பதற்கே தயங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தத் தயக்கம் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

சென்னையிலிருந்து வந்த பாடங்கள்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது சென்னையில். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் நடந்த சோதனையில் ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. இந்தியாவில் எய்ட்ஸ் வராது என்று நம்பியிருந்த பலருக்கும் அது பேரிடி.

அதே சென்னைக்கு அருகே, தாம்பரத்தில் டாக்டர் சவுரிமுத்து 1928-ல் தொடங்கிய காசநோய் சானடோரியம் இருந்தது. 1990-களில் மற்ற மருத்துவமனைகள் எச்.ஐ.வி. நோயாளிகளைத் திருப்பி அனுப்பியபோது தாம்பரம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. தொடக்கத்தில் வந்தவர்களில் பலரும் காசநோயோடு வந்தவர்கள். 2004 ஏப்ரல் 1-ல் மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது, தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் சில மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அங்கே பணியாற்றிய செவிலியர்களையும் வார்டு ஊழியர்களையும் தமிழ்நாடு இன்னும் போதுமான அளவு நினைத்துப் பார்க்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சானடோரியத்தில் படுத்திருக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது அந்த நிறுவனம்தான். எச்.ஐ.வி. காலத்தில் அது வயிற்றோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு கேள்வியைக் கேட்டது: விழுங்கிய மாத்திரை உண்மையிலேயே ரத்தத்துக்குப் போய்ச் சேருகிறதா?

2004-ல் வெளியான அதன் ஆய்வுகள் கவலை தரும் பதிலைச் சொன்னன. எச்.ஐ.வி. முற்றியவர்களின் குடல், ரிஃபாம்பிசினையும் ஐசோனியசிடையும் சரியாக உறிஞ்சவில்லை. வேளாவேளைக்கு மாத்திரை போட்டும் மருந்து உடலில் போதிய அளவு சேரவில்லை. அந்த நாட்களில் இந்தியாவில் காசநோய் மருந்து வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே தரப்பட்டது. உறிஞ்சுவது குறைவு, இடைவெளியும் அதிகம். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் தினசரி மருந்தையும் வாரம் மூன்று முறை மருந்தையும் இதே நிறுவனம் ஒப்பிட்டுப் பார்த்தது. 2018-ல் வெளியான முடிவில், தினமும் மருந்து எடுத்தவர்களில் 91 சதவீதம் பேருக்கும், வாரம் மூன்று முறை எடுத்தவர்களில் 77 சதவீதம் பேருக்கும் நல்ல பலன் கிடைத்திருந்தது. இன்று இந்தியா முழுவதும் காசநோய்க்குத் தினசரி மருந்துதான். வயிற்றுக் காசநோய்க்கு பொதுவாக ஆறு மாதச் சிகிச்சை போதும் என்பது இந்திய வழிகாட்டி நெறிகள் 2016-ல் சொன்னது.

இன்னொரு கிருமி

அமெரிக்காவில் இதே வயிற்றுக் கதைக்கு வேறொரு கிருமி காரணமாக இருந்தது. காசநோய்க் கிருமியின் உறவுக்காரன் அது. ‘மைக்கோபாக்டீரியம் ஏவியம்’ குடும்பம், சுருக்கமாக ‘மேக்’. தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கும் அது ஆரோக்கியமானவர்களைப் பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. 1980-களில் அமெரிக்க எய்ட்ஸ் நோயாளிகளுக்கு சிடி4 எண்ணிக்கை 50-க்குக் கீழே போனதும் அது உடல் முழுக்கப் பரவியது. விடாத காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வயிற்று வலி, உருகிப்போகும் உடம்பு. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கின. குடல் திசுவை எடுத்துப் பார்த்த நோயியல் நிபுணர்கள் திகைத்தார்கள்: கிருமியைத் தின்ன வந்த அணுக்களே அதற்குக் குடியிருப்பாகி, ஒவ்வொன்றும் கிருமியால் பிதுங்கி நின்றது. 1990-களில் அசித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் தடுப்பு மருந்தாகத் தரப்பட்டன. பிறகு சக்தி வாய்ந்த கூட்டு மருந்து வந்து சிடி4-ஐ உயர்த்தியதும் நோயே அரிதாகிவிட்டது. ஏ.ஆர்.டி.யை உடனே தொடங்குபவருக்கு அந்தத் தடுப்பு மருந்துகூடத் தேவையில்லை என்பதே இன்றைய அமெரிக்க நெறி.

இந்தியாவில் ‘மேக்’ எப்போதுமே அரிது. சிடி4 அந்த அளவுக்குச் சரியும் முன்பே இங்கே காசநோய் முந்திக்கொள்கிறது என்பது ஒரு முக்கியமான விளக்கம். ஆனாலும் இந்த வேறுபாடு நடைமுறையில் முக்கியம். இரண்டும் ஒரே நிறச் சாயத்தில் மைக்ராஸ்கோப்பில் ஒன்றுபோலவே தெரியும். வழக்கமான காசநோய் மருந்துகளோ ‘மேக்’ கிருமிக்குப் போதாது. ஒழுங்காக மருந்து எடுத்தும் காய்ச்சல் அடங்காத, சிடி4 மிகக் குறைந்த ஒருவரிடம் அந்தக் கிருமியையும் நினைக்க வேண்டும்.

மருந்து தொடங்கிய பிறகு வரும் வலி

நோயாளிகளை அதிகம் குழப்புவது இந்தக் கட்டம்தான். காசநோய் மருந்து ஆரம்பித்து, ஏ.ஆர்.டி.யும் ஆரம்பித்து, பசியெடுக்கத் தொடங்கிய சில வாரங்களில் காய்ச்சல் திரும்பி வரும். வயிறு முன்பைவிட மோசமாக வலிக்கும். ஸ்கேனில் நெறிகட்டிகள் பெரிதாகியிருக்கும். “மாத்திரை ஒத்துக்கலை” என்று வீட்டில் முடிவெடுத்து இரண்டையும் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உயிருக்கே ஆபத்தான முடிவு.

உண்மையில் நடப்பது வேறு. ஏ.ஆர்.டி.யால் மீண்டெழும் எதிர்ப்பு சக்தி, அதுவரை கண்டுகொள்ளாமல் விட்ட கிருமிகளை இப்போது அடையாளம் கண்டு மொத்தமாகத் தாக்குகிறது. அந்தத் தாக்குதலின் வீக்கம்தான் வலி. மருத்துவர்கள் இதை ‘ஐரிஸ்’ என்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு இது மருந்தைத் தொடர்ந்தபடியே அடங்கும். கடுமையானவர்களுக்குச் சில வாரம் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு தருவது பயன் தருகிறது என்று 2010-ல் தென் ஆப்பிரிக்க ஆய்வு காட்டியது. சிலருக்குக் குடலில் ஓட்டை விழுவதும் உண்டு. அதனால் இந்த நேரத்து வயிற்று வலியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வயிறு பலகைபோல் இறுகினாலோ, வாந்தி நிற்காமல் மலமும் காற்றும் பிரியாமல் இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஐரிஸுக்குப் பயந்து ஏ.ஆர்.டி.யைத் தள்ளிப்போடுவதும் சரியல்ல. சிடி4 மிகக் குறைந்தவர்களுக்கு அதைத் தள்ளிப்போடுவது இறப்பைக் கூட்டுகிறது என்று 2011-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. காசநோய் மருந்து தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் ஏ.ஆர்.டி.யைத் தொடங்கலாம் என்பதே இன்றைய நெறி. மூளைக் காசநோய் மட்டும் விதிவிலக்கு.

இரண்டு மருந்துகளும் ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. இப்போது பெரும்பாலோர் எடுக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரையில் டோலுடெக்ராவிர் இருக்கிறது. ரிஃபாம்பிசின் அதை ரத்தத்தில் வேகமாகக் குறைத்துவிடும். அதனால் காசநோய் சிகிச்சை நடக்கும் வரை, 12 மணி நேர இடைவெளியில் 50 மில்லிகிராம் டோலுடெக்ராவிர் இன்னொரு வேளையும் எடுக்க வேண்டும். ரிஃபாம்பிசின் முடிந்த பிறகும் இரண்டு வாரம் அது தொடர வேண்டும். டி.பி. மருந்து ஓரிடத்திலும் ஏ.ஆர்.டி. இன்னோரிடத்திலும் வாங்குகிறவருக்கு இந்த இரண்டாவது வேளை மாத்திரை எளிதில் தவறிப்போகும். தனியார் மருத்துவமனையில் காசநோய் மருந்து தொடங்குகிறவர்கள், அந்தச் சீட்டை ஏ.ஆர்.டி. மையத்தில் கட்டாயம் காட்ட வேண்டும்.

கத்தியும் சோறும்

குறுகிய குடலையெல்லாம் வெட்டி எடுக்க வேண்டியதில்லை. பல சுருக்கங்கள் மருந்திலேயே விலகுகின்றன. முழு அடைப்பு, ஓட்டை, ரத்தப்போக்கு, வடியாத சீழ் ஆகியவற்றுக்குத்தான் அறுவை சிகிச்சை. எலும்பும் தோலுமாக இருக்கும் உடம்பு அதைத் தாங்குமா என்பதுதான் அறுவை சிகிச்சை நிபுணரின் கவலை. குடல் புண்பட்டவருக்குச் சாப்பிட்டால் வலி. சாப்பிடாவிட்டால் மருந்து தாங்காது. குறுகிய குடலுக்கு நார் மிகுந்த கீரைத் தண்டும் வாழைப்பூவும் சில காலம் வேண்டாம். குழைந்த சோறு, முட்டை, மசித்த பருப்பு, தயிர் என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுப்பதே பொருந்தும். காசநோயாளிகளுக்கு மத்திய அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் தெரிந்தவுடனேயே உடல் எடைக் குறியீடு, மூச்சு, கால் வீக்கம், துணையின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, மோசமாக இருப்பவர்களை உடனடியாக வார்டில் சேர்க்கிறது. வயிற்றுக் காசநோயாளிகளில் இந்த வடிகட்டலுக்குள் வருகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

அறுவை சிகிச்சை என்றதும் எச்.ஐ.வி. உள்ளவர்கள் இன்னும் பயப்படுவது கத்திக்கு அல்ல. ‘இங்கே வசதியில்லை, வேறு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்ற வாக்கியத்துக்கு. குடலில் ஓட்டை விழுந்தவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பது, 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. – எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட பாகுபாடு. எழுத்தில் காரணம் கேட்கலாம். சட்டத்தின் கீழ் மாநிலங்கள் நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் புகார் தரலாம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 1097 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.